கில்ட் ஃபண்டில் பணம் போடுமுன்: தேதி, டியூரேஷன், வட்டிக் கணக்கு

கொங்கு நாட்டில் வட்டியைப் பைசாவில்தான் பேசுவோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு ரூபா வட்டி, அதாவது வருஷத்துக்கு 12 சதவீதம். அந்தக் கணக்குப்படி பார்த்தால், மத்திய அரசின் பத்து வருஷப் பத்திரம் கடந்த சில ஆண்டுகளில் தந்தது பெரும்பாலும் ஐம்பதிலிருந்து அறுபத்தைந்து பைசா வட்டிதான். ஃபைனான்ஸ் வைத்திருப்பவருக்கும் ஏலச்சீட்டில் பழகியவருக்கும் இது சப்பென்று இருக்கும். ஆனால் 2012இல் பெருந்துறை வட்டாரத்து ஈமு பண்ணைத் திட்டங்கள் சரிந்ததை மறக்காதவர்களுக்கு, போட்ட பணம் பாதுகாப்பாக இருப்பதன் அருமை புரியும். அரசு ரூபாயில் வாங்கிய கடனை ரூபாயில் திருப்பித் தராமல் போகும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம்.

அரசுப் பத்திரங்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டுகளான கில்ட் ஃபண்டுகள் இந்த நம்பிக்கையை வைத்துத்தான் விற்கப்படுகின்றன. அங்கேதான் தவறும் தொடங்குகிறது. அரசு பொறுப்பேற்பது பத்திரத்துக்கு. அந்தப் பத்திரங்களை வாங்கி வைத்திருக்கும் ஃபண்டின் என்.ஏ.வி.க்கு, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய விலைக்கு, யாரும் பொறுப்பேற்பதில்லை. வட்டி விகிதம் ஏறினால் என்.ஏ.வி. இறங்கும். எஃப்.டி. மாதிரி என்று சொல்லிக் கேட்டு வாங்கியவர், ஆறு மாதம் கழித்துப் போட்டதைவிடக் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பதறி விற்பார். நஷ்டம் உறுதியாவது அந்த நாளில்தான்.

விலை ஏன் இறங்குகிறது

ஒருவருக்கு 1 லட்சத்தைப் பத்து வருஷத்துக்கு 58 பைசா வட்டிக்குக் கொடுத்து நோட்டு எழுதி வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 7,000 ரூபாய் வரும், பத்தாவது வருஷம் கொடுத்த 1 லட்சமும் திரும்பி வரும். இரண்டு மாதத்தில் ஊரில் வட்டி 67 பைசாவாகிவிட்டது. இப்போது அவசரத்துக்கு அந்த நோட்டை இன்னொருவருக்குக் கைமாற்றப் போனால் முழு 1 லட்சம் யார் தருவார்? புது நோட்டு எழுதினால் 8,000 கிடைக்குமே என்பார். குறைத்துத்தான் கேட்பார். கடன் வாங்கியவர் நாணயமானவர்தான், ஒரு தவணையும் தவறவில்லை. ஆனாலும் நோட்டின் விலை குறைந்துவிட்டது. அரசுப் பத்திரத்திலும் இதே கதைதான்.

எவ்வளவு குறையும்? 7 சதவீத வட்டியுள்ள பத்திரம் 100 ரூபாய்க்கு வாங்கியது, சந்தை வட்டி 8 சதவீதமானால்: ஒரு வருஷப் பத்திரம் சுமார் 99.06க்கு வரும். ஐந்து வருஷப் பத்திரம் 95.94. பத்து வருஷம் 93.20. முப்பது வருஷம் 88.69. எதிர்ப்பக்கம், வட்டி 6 சதவீதமாக இறங்கினால் பத்து வருஷப் பத்திரம் 107.44க்கும் முப்பது வருஷப் பத்திரம் 113.84க்கும் ஏறும். மீதிக் காலம் நீளமாக நீளமாக ஆட்டம் பெரிது. இந்த ஒரு பத்தியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவது எல்லாம் எளிது.

முதல் படி: பணம் திரும்ப வேண்டிய தேதியை எழுதுங்கள்

ஃபண்டின் பெயரைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் தொகையையும், அது எந்த மாதம் எந்த வருஷம் கைக்கு வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்பது தேதி ஆகாது.

ஒரு வருஷத்துக்குள் வேண்டிய பணம் கில்ட் ஃபண்டுக்கு உரியதல்ல. திருப்பூரில் நூல் கடைக்கு அடுத்த மாதம் கட்ட வேண்டியது, ஜி.எஸ்.டி.க்கு ஒதுக்கியது, ஈரோட்டில் மஞ்சள் கொள்முதலுக்குக் காத்திருப்பது: இவற்றுக்கு மிகக் குறுகிய காலப் பத்திரங்களை வைத்திருக்கும் லிக்விட் ஃபண்ட் போதும். அல்லது ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் தளத்தில் 91, 182, 364 நாளில் முடியும் அரசின் கருவூல உண்டியல் (டிரஷரி பில்) வாங்கலாம். கொள்முதல் பணத்தை நீண்டகால கில்ட் ஃபண்டில் வைத்துவிட்டு, வட்டி ஏறிய வாரத்தில் நஷ்டத்துக்கு எடுப்பது வியாபாரிகள் அடிக்கடி செய்யும் தவறு.

தேதி தெளிவாகத் தெரிந்த, இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட தேவைக்கு, குறித்த தேதியில் முடிந்துவிடும் டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்ட் பொருந்தும். தேதி தெரியாத, ஏழு எட்டு வருஷத்துக்குத் தொட வேண்டாத பணத்துக்குத்தான் வழக்கமான கில்ட் ஃபண்ட்.

இரண்டாவது படி: எந்த வகை என்று பிரித்தறியுங்கள்

ஃபண்டுகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி 2017இல் அவற்றை வகை பிரித்தது. அதன்படி கில்ட் ஃபண்ட் குறைந்தது 80 சதவீதத்தை அரசுப் பத்திரங்களில் வைக்க வேண்டும். ஆனால் எத்தனை வருஷப் பத்திரம் என்பதில் மேனேஜருக்கு முழுச் சுதந்திரம். 2023 நவம்பரிலிருந்து அரசு 50 வருஷப் பத்திரமும் வெளியிடுகிறது. வட்டி இறங்கும் என்று மேனேஜர் நினைத்தால் முப்பது, நாற்பது வருஷப் பத்திரங்களை அடுக்குவார். ஏறும் என்று நினைத்தால் குறுகியவற்றுக்கு வருவார். அவர் கணிப்பு தப்பினால் அடி உங்களுக்கு. 10 ஆண்டு கான்ஸ்டன்ட் டியூரேஷன் கில்ட் ஃபண்டில் இந்தச் சுதந்திரம் இல்லை. எப்போதும் நீண்ட காலப் பத்திரங்களிலேயே நிற்கும், ஆட்டமும் எப்போதும் இருக்கும்.

டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்ட் வேறு வகை. ஃபண்டின் பெயரிலேயே முடிவு மாதமும் வருஷமும் இருக்கும். அந்தத் தேதியை ஒட்டி முடியும் பத்திரங்களை மட்டும் வாங்கி வைத்திருக்கும். நாள் செல்லச் செல்ல மீதிக் காலம் குறைவதால் விலை ஆட்டமும் தானாகத் தேய்ந்துகொண்டே வரும். வாங்கும் நாளில் ஃபண்டின் ஈல்டு (அன்றைய விலைக்கு வாங்கி முதிரும்வரை வைத்திருந்தால் வருஷத்துக்குக் கிடைக்கும் வருமானம்) 6.7 சதவீதம், செலவு 0.2 சதவீதம் என்றால், கடைசிவரை வைத்திருந்தால் 6.5ஐ ஒட்டிக் கிடைக்கும். சற்றே முன்பின் ஆகும், ஏனென்றால் நடுவில் வரும் வட்டியை அப்போதைய விலைக்கே மறுபடி போட வேண்டியிருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணம் 2031 ஜூனில் என்றால், அதற்கு முந்தைய சில மாதங்களுக்குள் முடியும் ஃபண்டை எடுங்கள். ஒரு வருஷம் தள்ளி முடிவதை எடுத்தால் கடைசி நேரத்தில் சந்தை விலைக்கு விற்க வேண்டிவரும். இந்த வகையில் மாநில அரசுப் பத்திரங்களை வைத்திருக்கும் ஃபண்டுகளும் உண்டு. மத்திய அரசுப் பத்திரத்தைவிட அவற்றில் ஈல்டு சற்றுக் கூடுதலாக இருக்கும், விற்று வாங்குவது சற்று மந்தம். பொதுத்துறை நிறுவனப் பத்திரங்களைக் கலந்து வைப்பவையும் உண்டு. அவை அரசுப் பத்திரம் அல்ல. பெயரில் பி.எஸ்.யூ. என்று இருந்தால் அதைத் தெரிந்தே வாங்குங்கள்.

கொங்குப் பக்கத்தின் பெரும்பாலான குடும்பங்களுக்கு டார்கெட் மெச்சூரிட்டி வகையே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. கல்யாணம், படிப்பு, வீடு என்று இங்கே பணத்துக்குத் தேதி உண்டு. தேதி இருக்கும் பணத்தை வட்டிக் கணிப்பில் பந்தயம் கட்டத் தேவையில்லை.

மூன்றாவது படி: ஃபேக்ட்ஷீட்டில் ஐந்து எண்கள்

ஒவ்வொரு மாதமும் ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஃபேக்ட்ஷீட் என்ற விவரத்தாள் வரும். போன வருஷம் எவ்வளவு ஏறியது என்ற கட்டத்தைத் தாண்டிப் போய் இவற்றைப் பாருங்கள்.

மாடிஃபைடு டியூரேஷன் என்பதுதான் தலையாய எண். வட்டி ஒரு சதவீதம் ஏறினால் என்.ஏ.வி. ஏறக்குறைய எத்தனை சதவீதம் இறங்கும் என்பதை அது சொல்கிறது. 8 என்று இருந்தால், 10 லட்சத்தில் சுமார் 80,000 ரூபாய் ஆடும். கில்ட் ஃபண்டாக இருந்தால் ஒரு மாத ஃபேக்ட்ஷீட் போதாது. பன்னிரண்டு மாதத்தையும் எடுத்து வைத்துப் பாருங்கள். 4லிருந்து 10 வரை தாவியிருந்தால் மேனேஜர் பெரிய பந்தயக்காரர் என்று அர்த்தம்.

ஈல்டு டு மெச்சூரிட்டி என்பது ஃபண்ட் இன்று வைத்திருக்கும் பத்திரங்களின் வருமானம். இதிலிருந்து செலவு விகிதத்தைக் கழித்தால் கைக்கு வரக்கூடியது தெரியும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து ஒரு சோதனை செய்யுங்கள். செலவு போக ஈல்டு 6.4, டியூரேஷன் 8 என்றால், 6.4ஐ 8ஆல் வகுக்க 0.8 வரும். ஒரு வருஷத்துக்குள் வட்டி 0.8 சதவீதம் ஏறினால் அந்த வருஷ வருமானம் முழுவதும் கரைந்து பூஜ்யத்தில் நிற்பீர்கள், அதற்கு மேல் ஏறினால் போட்ட பணத்திலேயே கை வைக்கும். டியூரேஷன் 3 என்றால் 2.1 சதவீதம் ஏறும்வரை தாக்குப்பிடிக்கும்.

செலவு விகிதம். அரை சதவீதம்தானே என்று விடாதீர்கள். மொத்த வருமானமே ஆறரை என்னும்போது அரை சதவீதம் பதின்மூன்றில் ஒரு பங்கு.

ரிஸ்க் கட்டம். 2021 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு கடன் ஃபண்டும் ஒன்பது கட்டங்களுள் ஒன்றில் தன்னைக் குறிக்க வேண்டும். எழுத்து, கடன் திரும்பாத ஆபத்தைச் சொல்கிறது. ரோமன் எண், வட்டி ஆபத்தைச் சொல்கிறது. கில்ட் ஃபண்டுகள் வழக்கமாக ஏ-மூன்று கட்டத்தில் இருக்கும்: கடன் ஆபத்து மிகக் குறைவு, வட்டி ஆபத்து மிக அதிகம். விற்பவர் முதல் பாதியை மட்டும் சொல்வார்.

கடைசியாகப் பத்திரப் பட்டியல். மீதி 20 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். ரொக்கமும் ட்ரெப்ஸும் (அரசுப் பத்திர அடமானத்தின் மேல் தரும் மிகக் குறுகிய காலக் கடன்) என்றால் கவலையில்லை.

நடந்தவற்றிலிருந்து தெரிவது

2008 ஜூலையில் 9 சதவீதத்தைத் தாண்டியிருந்த பத்து வருஷ ஈல்டு, உலக நெருக்கடியில் வட்டி வெட்டப்பட்டதும் 2009 ஜனவரித் தொடக்கத்தில் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. கில்ட் ஃபண்டுகள் அந்த ஆறு மாதத்தில் ஏற்றக் காலத்துப் பங்குச் சந்தைபோல் ஏறின. அந்த வருமானத்தைப் பார்த்து 2009 தொடக்கத்தில் நுழைந்தவர்கள் அந்த வருஷமே பல ஃபண்டுகளில் நஷ்டம் பார்த்தார்கள், ஈல்டு மறுபடி 7ஐத் தாண்டிவிட்டது. 2013இல் ரூபாயைக் காக்க ரிசர்வ் வங்கி ஜூலையில் அவசரக் கடன் வட்டியை 10.25 சதவீதமாக்கியபோது, மே மாதம் 7 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்த ஈல்டு ஆகஸ்டில் 9ஐத் தாண்டியது. மூன்றே மாதம்.

2022 மே 4ஆம் தேதி, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ 4லிருந்து 4.40 ஆனது. 2023 பிப்ரவரிக்குள் 6.50. 2013 அளவுக்கு வேகமான ஏற்றமில்லை. ஆனாலும் 2021, 2022 இரண்டு வருஷமும் கில்ட் ஃபண்டுகள் சேமிப்புக் கணக்கு அளவுக்கே தந்தன.

2025 கற்றுத்தருவது இன்னும் நுட்பமானது. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ரெப்போ 6.50லிருந்து 5.50க்கு இறங்கியது. ஜூன் 6 அன்று ஒரே அடியாக அரை சதவீதம் வெட்டு. ஆனால் அதே நாள் ரிசர்வ் வங்கி இனி நடுநிலை, அதாவது அடுத்ததும் வெட்டுதான் என்று சொல்ல முடியாது, என்று அறிவித்தது. அடுத்தடுத்த வாரங்களில் பத்து வருஷ ஈல்டு இறங்கவில்லை, ஏறியது. வெட்டு வரும் என்ற எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது. ‘ரெப்போ குறைஞ்சா கில்ட் ஏறுமுங்க’ என்ற பேச்சை மட்டும் நம்பி ஜூனில் நுழைந்தவருக்குக் கிடைத்தது இறங்கிய என்.ஏ.வி. அரசு எவ்வளவு கடன் வாங்கப்போகிறது, வெளிநாட்டார் எவ்வளவு வாங்குகிறார்கள், விலைவாசி எந்தப் பக்கம் போகிறது என்று நீண்டகாலப் பத்திரத்தின் ஈல்டைப் பல கைகள் இழுக்கின்றன. ரெப்போ அவற்றுள் ஒன்று.

இறங்கியதும் ஓடாமல் இருந்தால் என்ன ஆகும்? ஃபண்ட் கைக்கு வரும் வட்டியையும் முதிர்ந்த பணத்தையும் இப்போது கூடுதல் வட்டிக்குப் போடுகிறது. டியூரேஷன் எத்தனை வருஷமோ ஏறக்குறைய அத்தனை வருஷம் பொறுத்தால், தொடக்கத்தில் கண்ட ஈல்டை ஒட்டிய வருமானம் வந்துசேரும். அதனால்தான் விதி இது: ஃபண்டின் டியூரேஷன் உங்கள் காலத்தைவிட நீளக் கூடாது. நான்கு வருஷத்தில் வேண்டிய பணத்தை டியூரேஷன் 9 உள்ள ஃபண்டில் போட்டால் காத்திருக்க நேரம் இருக்காது.

நான்காவது படி: வாங்குவது

பான், ஆதார், வங்கிக் கணக்குடன் கே.ஒய்.சி. முடிந்திருக்க வேண்டும். பான் அட்டையிலும் ஆதாரிலும் இனிஷியல் வேறுவேறாக இருப்பது நம் பக்கத்தில் பல விண்ணப்பங்களைத் தடுக்கும் சங்கதி, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கலாம், பல நிறுவன ஃபண்டுகளுக்கும் பொதுவான தளமான எம்.எஃப்.சென்ட்ரல் வழியாகவும் வாங்கலாம். தாளில் கொடுக்க விரும்பினால் கோவை, ஈரோடு, திருப்பூரில் ஃபண்டுகளின் பதிவாளர்களான கேம்ஸ், கேஃபின்டெக் சேவை மையங்கள் உண்டு.

விற்பவருக்குக் கமிஷன் போகாத டைரக்ட் பிளான் என்ற சொல் விண்ணப்பத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2013 ஜனவரியிலிருந்து எல்லா ஃபண்டுக்கும் இது உண்டு. வங்கியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் கமிஷன் உள்ள ரெகுலர் பிளான்தான் வரும். வித்தியாசம் 0.6 சதவீதம் என்றால் 10 லட்சத்துக்கு வருஷம் 6,000 ரூபாய், பத்து வருஷமும். ஆலோசனை தேவைப்படுபவர் அதற்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து வாங்குவதே சிக்கனம்.

லாபம் ஃபண்டிலேயே சேரும் குரோத் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். முன்பு டிவிடெண்ட் என்று சொன்ன ஐ.டி.சி.டபிள்யூ. தெரிவில் வரும் பணம் கூடுதல் வருமானம் அல்ல, உங்கள் என்.ஏ.வி.யிலிருந்தே எடுத்துத் தருவது. அது முழுவதும் உங்கள் வருமானத்தில் சேர்ந்து வரியாகும்.

மாலை 3 மணிக்குள் பணம் ஃபண்டின் கணக்கில் சேர்ந்தால்தான் அன்றைய என்.ஏ.வி. விண்ணப்பத்தை நேரத்தோடு போட்டால் மட்டும் போதாது. பெரிய தொகையை ஆர்.டி.ஜி.எஸ்.இல் காலையிலேயே அனுப்புங்கள். முத்திரைத் தீர்வை 0.005 சதவீதம், 10 லட்சத்துக்கு 50 ரூபாய். நாமினி பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். கணவன் மனைவி இருவரில் யார் கையெழுத்தும் செல்லும் என்று வைப்பது பின்னாளில் அலைச்சலைக் குறைக்கும்.

வழக்கமான கில்ட் ஃபண்டில் மொத்தத் தொகையையும் ஒரே நாளில் போடாமல் ஆறு முதல் பன்னிரண்டு தவணையாகப் பிரியுங்கள். டார்கெட் மெச்சூரிட்டியில் இது அவ்வளவு முக்கியமில்லை. ஈல்டு பிடித்திருந்தால் ஒரே தடவையில் பூட்டிவிடலாம்.

பைபாஸுக்கோ சைட் போடவோ காடு விற்ற பணம் என்றால் ஓர் எச்சரிக்கை. கில்ட் ஃபண்டில் போட்டால் மூலதன ஆதாய வரி குறையாது. அதற்கென ஆடிட்டர்கள் 54இசி என்று சொல்லும் பத்திரங்கள் தனி: விற்ற ஆறு மாதத்துக்குள், 50 லட்சம் வரை, ஐந்து வருஷப் பூட்டு. இரண்டும் அரசுப் பத்திரம்தானே என்று குழப்பிக்கொண்டு கெடுவைத் தவறவிட்டால் மீட்க வழியில்லை.

ஐந்தாவது படி: வரியைக் கணக்கில் சேர்ப்பது

2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய யூனிட்டுகளின் லாபத்துக்கு, எத்தனை வருஷம் வைத்திருந்தாலும், உங்கள் வருமான வரி அடுக்கின்படிதான் வரி. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொண்டு வரி போட்ட பழைய இன்டெக்சேஷன் சலுகையைச் சொல்லி யாராவது விற்றால் அவர் அறிவு பழையது. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ்ஸோடு சேர்த்து 6.5 சதவீதம் 4.5 ஆகிவிடும். ரிசர்வ் வங்கியின் விலைவாசி இலக்கே 4 சதவீதம். ஆக இது சொத்தைப் பெருக்கும் இடமல்ல, காக்கும் இடம்.

எஃப்.டி.யோடு ஒப்பிட்டால் ஒரு நன்மை மிச்சமிருக்கிறது. எஃப்.டி. வட்டிக்கு ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும், இங்கே விற்கும் வருஷத்தில் மட்டும். உள்நாட்டில் வசிப்பவருக்கு விற்கும்போது டி.டி.எஸ். பிடிப்பதும் இல்லை. அதனால் பெரிய தொகையை எடுக்கும்போது மார்ச் கடைசியில் பாதி, ஏப்ரல் முதல் வாரத்தில் மீதி என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்தால் மேல் அடுக்கைத் தொடாமல் தப்பலாம். எஃப்.டி.க்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, ஃபண்டுக்கு அது இல்லை. ஆனால் 5 லட்சத்துக்கு மேல் ஒரே வங்கியில் குவித்திருப்பவருக்கு அரசுப் பத்திரம் அதைவிட உறுதியான இடம்.

ஓய்வுபெற்றவர் மாதம் 20,000 வேண்டுமென்றால், மாதாமாதம் குறித்த தொகைக்கு யூனிட்டை விற்றுத் தரும் எஸ்.டபிள்யூ.பி. போடலாம். என்.ஏ.வி. 10 சதவீதம் ஏறியிருக்கையில் எடுக்கும் 20,000இல் லாபப் பகுதி சுமார் 1,818 ரூபாய்தான், வரி அதற்கு மட்டும். ஆனால் இதை நீண்ட டியூரேஷன் ஃபண்டில் செய்யாதீர்கள். இறங்கிய மாதங்களில் அதிக யூனிட்டுகள் கரைந்துபோகும். இரண்டு வருஷச் செலவை லிக்விட் ஃபண்டில் தனியாக வைத்துவிட்டு மீதியை மட்டும் இங்கே வையுங்கள்.

வாங்கியபின்

என்.ஏ.வி.யைத் தினமும் பார்க்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபேக்ட்ஷீட்டில் டியூரேஷனையும் செலவு விகிதத்தையும் பாருங்கள். பணம் வேண்டிய தேதி நெருங்க நெருங்க, வழக்கமான கில்ட் ஃபண்டில் இருப்பதைச் சிறிது சிறிதாகக் குறுகிய கால ஃபண்டுக்கு மாற்றுங்கள். மீதி மூன்று வருஷம் என்னும்போது தொடங்கினால் அவசரம் இருக்காது. ஒவ்வொரு மாற்றமும் விற்பனைதான் என்பதால் லாபத்துக்கு அந்த வருஷம் வரி உண்டு.

விற்கச் சொல்லிக் கொடுத்தபின் பணம் பொதுவாக ஒன்றிரண்டு வேலைநாளில் வங்கிக் கணக்குக்கு வரும், செபியின் உச்ச வரம்பு மூன்று வேலைநாள். தீபாவளி, பொங்கல் விடுமுறை வாரத்தில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால் ஒரு வாரம் முன்னதாகவே விற்றுவிடுங்கள்.